கீழ்ப்போர்ஷனை யாருக்கு விடுவது?

மேற்கு மாம்பலத்தில், ஆரிய கவுடா சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பா 1974-ல் கட்டியது. மாடியில் அம்மாவும் நானும் இருக்கிறோம். கீழே 680 சதுர அடியில் ஒரு போர்ஷன். அதில் பதினோரு வருடம் குடியிருந்தவர்கள் ஊரப்பாக்கத்தில் சொந்தமாக ஃபிளாட் வாங்கிக்கொண்டு மே மாதக் கடைசியில் கிளம்பினார்கள். சாமானெல்லாம் வண்டியில் ஏற்றிய பிறகு அந்த வீட்டுப் பெண் மட்டும் உள்ளே திரும்பிப் போய், கூடத்தை ஒருமுறை பெருக்கி, வாசலில் சின்னதாக ஒரு கோலம் போட்டுவிட்டு வந்து என் கையில் சாவியைக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே புரோக்கர் வந்துவிட்டார். ஜூன் முடிவதற்குள் எங்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. வழக்கம்போல ஒரு குடும்பத்துக்கு விடலாம். மாதம் 21,000 கிடைக்கும். ஆப்பில் ஆர்டர் வாங்கிச் சமைத்து அனுப்பும் பார்சல் கிச்சன் ஒன்று 40,000 தருகிறேன் என்றது. ரத்த சாம்பிள் எடுக்கும் லேப் ஒன்று 34,000 வரை வந்தது. நான்காவது, எதிர்வீட்டு மருமகள் கொண்டுவந்த யோசனை: "அக்கா, யாருக்கும் விடாதீங்க. நாம ரெண்டு பேரும் சேர்ந்து மாவுக் கடை போடலாம்."

கையில் நாள் அதிகம் இல்லை. ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் வீடு மாறவும் மாட்டார்கள், புதுக் கடை திறக்கவும் மாட்டார்கள். ஜூலை நடுவில் ஆடி. அதற்குள் யாருக்காவது விடவில்லை என்றால் ஆவணி வரை போர்ஷன் பூட்டித்தான் கிடக்கும். எங்கள் சந்திலேயே இன்னும் இரண்டு வீடுகளில் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. நாங்கள் எதையெல்லாம் கணக்கில் எடுத்தோம் என்பது அவர்களுக்கும், இப்படி ஒரு பழைய வீட்டை வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களுக்கும் உபயோகப்படும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பணம். குடும்பத்துக்கும் கிச்சனுக்கும் நடுவே மாதம் 19,000 வித்தியாசம், வருடத்துக்கு 2,28,000. அம்மாவின் மருந்துச் செலவும் பகலில் துணைக்கு வரும் ஆயாவின் சம்பளமும் அதில் அடங்கிவிடும். இது சின்னத் தொகை இல்லை. தம்பி பெங்களூரிலிருந்து போன் செய்து, "இதுல யோசிக்க என்னக்கா இருக்கு?" என்று கேட்டதில் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்த 40,000 முழுசாகக் கைக்கு வருமா என்று உட்கார்ந்து பார்த்தபோது கதை மாறியது.

தொழிலுக்கு இடம் விட்டால் ஈபி இணைப்பை வீட்டுக் கட்டண வகையிலிருந்து வணிகக் கட்டணத்துக்கு மாற்ற வேண்டும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்று உண்டு. வணிக இணைப்புக்கு அது கிடையாது. மாற்றாமல் வீட்டு மீட்டரிலேயே கடை ஓட்டினால், பிடிபடும்போது இரண்டு மடங்கு கட்டணம் போட 2003-ஆம் வருட மின்சாரச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இணைப்பு நம் பேரில் இருந்தால் அந்த நோட்டீஸும் நம் பேருக்குத்தான் வரும். கார்ப்பரேஷனின் அரையாண்டுச் சொத்து வரியிலும், குடிநீர் வாரியத்தின் கணக்கிலும் அந்தத் தளம் குடியிருப்பு அல்லாத உபயோகம் ஆகிவிடும். கிச்சனுக்குத் த்ரீ ஃபேஸ் லோடும் கூட்ட வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்று கேட்டதற்கு, "அது ஓனர் சைடு மேடம்" என்றார்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவு இல்லாத வீட்டுக்காரர் பதிவுள்ள ஒருவருக்குத் தொழில் செய்ய இடம் விட்டால், வாடகை மீதான 18 சதவீத வரியை வாடகைக்கு இருப்பவரே கட்ட வேண்டும். 40,000 வாடகைக்கு 7,200. நம் கையிலிருந்து போகவில்லையே என்று நினைக்கலாம். ஆனால் ஹோட்டல் தொழிலில் 5 சதவீத ஜிஎஸ்டி வசூலிப்பவர்கள் தாங்கள் கட்டிய வரியைத் திரும்பக் கழித்துக்கொள்ள முடியாது. அவர்களுக்கு அந்த இடம் 47,200 ரூபாய் இடம். முதல் வருடம் முடிந்ததும் வாடகையைக் கூட்டிப் பேச உட்கார்ந்தால் இந்த 7,200-தான் முதலில் மேஜைக்கு வரும். எல்லாம் போக எனக்குத் தெரிந்த நிஜ வித்தியாசம் மாதம் பன்னிரண்டாயிரம் சொச்சம்.

பன்னிரண்டாயிரமும் பணம்தான். அதனால் கிச்சனை நேரில் பார்க்காமல் வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று, பக்கத்துத் தெருவில் அதே மாதிரி விட்டிருக்கும் ஒரு வீட்டுக்கு ராத்திரி எட்டரை மணிக்குப் போனேன். வாசலில் ஒன்பது டூவீலர். டெலிவரி பையன்கள் திண்ணையிலும் எதிர்வீட்டுப் படியிலும் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மழையில் ஒதுங்கக் கூரைகூட இல்லாமல் ஆர்டருக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் அவர்கள். ஆனால் அந்த வீட்டு மாடியில் இருப்பவர்கள் கீழே இறங்க வேண்டுமானால் ஒவ்வொரு வண்டியாக நகர்த்தச் சொல்ல வேண்டும். புகை போகும் குழாய் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து வைத்திருந்தது. அந்தச் சுவரில் விரலை வைத்தேன், ஒட்டியது. கொடியில் காயும் துணியில்கூட வதக்கிய வெங்காய வாசனை ஏறிவிடுகிறது என்றார் மாடிவீட்டு அம்மா. பிறகு பின்பக்கம் கூட்டிப்போய் டிரெய்னேஜ் சேம்பரின் மூடியைத் தூக்கிக் காட்டினார். மேலே வனஸ்பதியைக் காய்ச்சி ஊற்றியதுபோல ஒரு வெள்ளை ஏடு. மாதம் ஒருமுறை ஆள் வைத்து எடுக்கிறார்களாம். நம் பகுதியின் பழைய கழிவுநீர்க் குழாய்கள் குடும்பங்கள் கழுவும் பாத்திரத்துக்குப் போட்டவை. நாளைக்கு இருநூறு பிரியாணிச் சட்டி எண்ணெயை அவை தாங்காது.

அங்கே நான் பார்த்ததில் என்னை உறுத்தியது வேறு ஒன்று. மாடிப்படிக்குக் கீழே 19 கிலோ சிலிண்டர்கள் ஆறு நின்றன. எங்கள் வீட்டிலும் மாடிப்படி ஒன்றுதான். அதுவும் கீழ்ப்போர்ஷன் சமையலறையை ஒட்டித்தான் ஏறுகிறது. அம்மாவுக்கு 79 வயது. ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்து இறங்க நான்கு நிமிடம் ஆகும். இதற்குப் பிறகு கிச்சனைப் பற்றி நான் யோசிக்கவில்லை. இரண்டு படிக்கட்டு இருக்கும் வீடு, வீட்டுக்காரர் வேறு ஊரில் இருக்கும் வீடு, பெரிய ரோட்டைப் பார்த்த கட்டடம் என்றால் வேறு கணக்கு. ஆனால் பத்தடிச் சந்தில், தலைக்கு மேல் குடும்பம் இருக்கும் கட்டடத்தில் ஒரு முழுநேர அடுப்படிக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதே என் முடிவு. இதைச் சந்தில் இருக்கும் மற்ற இரண்டு வீட்டாரிடமும் நேரிலேயே சொன்னேன்.

லேப் விஷயம் அப்படி இல்லை. அதைத் தள்ளுவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. காலை ஆறரைக்குத் திறப்பார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருபவர்கள் பத்து மணிக்குள் வந்து போய்விடுவார்கள். இரண்டு பெண்கள், ஒரு ஏசி, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், ஆறு நாற்காலி. சத்தம் இல்லை, புகை இல்லை, தண்ணீர்ச் செலவு ஒரு குடும்பத்தில் பாதிகூட இருக்காது. எங்கள் சந்தில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். சர்க்கரை பார்க்க ஆட்டோ பிடித்துப் போகிறவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு நடந்தே வந்துவிடலாம். தன் வீட்டுப் பக்கம் இது மாதிரி ஒன்று வந்த பிறகு தன் மாமனார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்காகப் பரிசோதனை செய்துகொள்கிறார் என்று எங்கள் ஆயா சொன்னாள். ஒரு தெருவுக்குப் புதுத் தொழில் வந்தால் இப்படி வரவேண்டும்.

லேபுக்கு விடுவதாக இருந்தால் கேட்டு வாங்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு. ஊசி, பஞ்சு, ரத்தக் குழாய் இதெல்லாம் வீட்டுக் குப்பையில் சேரக் கூடாது. 2016-ஆம் வருட மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்து வைத்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்காரர்களிடம் கொடுக்க வேண்டும்; சுத்திகரிக்காத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. எந்த நிறுவனம் வந்து எடுக்கிறது, வாரத்தில் எத்தனை நாள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். முன் ஜன்னலை உடைத்துக் கண்ணாடிக் கதவு வைப்பார்கள். மூன்று படிக்குப் பதில் சாய்வுப் பாதை போடுவார்கள். காலி செய்யும்போது சுவரை முன்போலக் கட்டித் தருவது யார் செலவு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். மாத வாடகை 50,000 தாண்டினால்தான் கம்பெனிகள் வருமான வரிக்காக 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலிலிருந்து மாறியிருப்பதால், 34,000-க்கு அந்தத் தொல்லையும் இல்லை. வீட்டுக்கென்று பிளான் வாங்கிய கட்டடத்தில் இந்தத் தொழில் நடத்தலாமா என்று, பிளானைக் கையில் எடுத்துக்கொண்டு மண்டல அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. எங்களுக்குக் கோடம்பாக்கம் மண்டலம்.

இவ்வளவும் சாதகமாக இருந்தும் லேபில் ஒரு குறை. பகல் ஒரு மணிக்கு மேல் கீழே பூட்டுதான். ராத்திரி முழுக்க இருட்டு.

ராத்திரியைப் பற்றி நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், நாங்கள் இருப்பது பழைய ஏரியை ஒட்டிய இடம். தியாகராய நகரை உருவாக்க 1920-களில் நெடிய ஏரி ஒன்றை வடித்துத் தூர்த்தார்கள். லேக் வியூ ரோடு என்ற பேர் அந்த ஏரியைப் பார்த்த கரை என்பதால் வந்தது. தண்ணீர் அந்த இடத்தை மறக்கவே இல்லை. 2015 டிசம்பரில் கீழ்ப்போர்ஷனில் முழங்கால் அளவு. அந்தக் குடும்பம் நான்கு ராத்திரி எங்களோடு மாடியில் படுத்தது. ஏழு பேருக்கும் ஒரே மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் கஞ்சி. 2021 நவம்பரில் வாசல்படி வரை வந்து நின்றது. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்று நான் வேலூரில் மாட்டிக்கொண்டேன். வீட்டில் அம்மா மட்டும். கரண்ட் போய், போனும் போய், மறுநாள் மதியம்தான் அம்மா குரலைக் கேட்டேன். கீழ்வீட்டுப் பையன் இருட்டில் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கியிருக்கிறான், சாக்கடைத் தண்ணீர் இறங்காமல் சம்ப் மூடியைச் சுற்றி மணல் மூட்டை வைத்திருக்கிறான், பிறகு மாடிக்கு வந்து அம்மாவுக்குத் துணையாகக் கூடத்திலேயே படுத்திருக்கிறான். அந்தப் பையனுக்கு அப்போது பதினேழு வயது. 13,000 ரூபாய் அதிக வாடகையை இந்த ராத்திரிக்கு எதிரே வைத்தபோது எனக்கு விடை தெரிந்துவிட்டது. அம்மா இடத்தில் இளவட்டங்கள் மாடியில் இருக்கும் வீடாக இருந்தால் லேபுக்கே விடச் சொல்வேன்.

மாவுக் கடையைக் கணக்குப் பார்த்துத் தள்ளவில்லை. ஒரு வாரம் செய்து பார்த்தோம். எதிர்வீட்டு மருமகள் கைக்கு அந்த வேலை தெரியும். நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு பிடி வெந்தயம். காலை நாலு மணிக்கு உளுந்தைப் போடுவாள். அரைபட அரைபட, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குளிர்ந்த தண்ணீரைக் கையால் தெளித்துக்கொண்டே இருப்பாள். மொத்தமாக ஊற்றினால் சூடேறி மாவு செத்துவிடுமாம். பதம் வந்ததா என்று பார்க்க, ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் மிளகளவு மாவைக் கிள்ளிப் போடுவாள். மூழ்கினால் இன்னும் ஓட வேண்டும். மிதந்தால் கிரைண்டரை நிறுத்துவாள். மிதக்கும்போது அவள் முகத்தில் வரும் சந்தோஷத்தை எந்தக் கணக்கிலும் எழுத முடியாது.

எழுத முடிந்த கணக்கு இது. நாளைக்கு 50 கிலோ விற்பதாக வைத்துக்கொண்டோம், கிலோ 50 ரூபாய். 2,500 வரும். 14 கிலோ அரிசிக்கு 700, மூன்றரை கிலோ உளுந்துக்கு 455, வெந்தயம் உப்பு 15. கவர் 60, கரண்டும் தண்ணீரும் 120, உதவிக்கு ஓர் ஆள் 500. மீதி 650. மாதம் 26 நாளுக்கு 16,900. அதை இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 8,450. அந்த இடத்துக்குக் குடும்பம் கொடுக்கும் வாடகை 21,000. இதற்கு மேல் கிரைண்டர் இரண்டு, பெரிய ஃப்ரிட்ஜ், மேடை எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் முதல் போட வேண்டும். 50 கிலோவும் முதல் நாளே விற்காது. நாங்கள் சோதனை பார்த்த வாரத்தில் அதிகபட்சமாகப் பதினொரு கிலோ போனது. ஐந்து நிமிட நடையில் நான்கு மாவுக் கடை. அண்ணாச்சிக் கடை ஃப்ரிட்ஜில் பாக்கெட் மாவு வேறு. ஜூன் வெயிலில் காலை பதினொரு மணிக்கே கவர்கள் உப்பி நின்றன.

தண்ணீரையும் சேர்க்க வேண்டும். எங்கள் சம்ப் 6,000 லிட்டர். குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் ஒழுங்காக வந்தால் இரண்டு வீட்டுக்குப் போதும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றியபோது ஒரு லாரிக்கு இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருந்தோம். அரிசி கழுவும் தொழிலை அந்த மாதிரி ஒரு கோடையில் எப்படி நடத்துவது என்ற கேள்விக்கு எங்கள் இரண்டு பேரிடமும் பதில் இல்லை.

ஆனால் அவளை விட்டுவிட எனக்கு மனசில்லை. இருபத்தொன்பது வயது, குழந்தை ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்துவிட்டது, தன் கையால் ஒரு வருமானம் வேண்டும் என்ற தவிப்பு. அந்தத் தவிப்புக்கு 680 சதுர அடி பெரிய இடம். அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே ஒரு கிரைண்டரோடு ஆரம்பிக்கச் சொன்னேன். இந்த மாதிரிச் சின்ன விற்பனைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு மட்டும் போதும். உட்கார்ந்து நானே விண்ணப்பித்துக் கொடுத்தேன். இட வாடகை இல்லாததால் நாளைக்கு 15 கிலோ போனாலே அவளுக்குக் கையில் நிற்கிறது. வாடகைக்கு இடம் எடுத்துத் தொழில் தொடங்க நினைக்கும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் ஆறு மாதம் உங்கள் வாசலிலேயே விற்றுப் பாருங்கள்.

கடைசியாகக் குடும்பம். இதிலும் தொல்லை இல்லாமல் இல்லை. வெள்ளையடிக்க வேண்டும், குளியலறையில் கசிவு பார்க்க வேண்டும், மாதாமாதம் ஒரு குழாய் ஒழுகுகிறது என்பார்கள். ஆனால் எங்கள் பகுதியில் குடும்பம் கிடைப்பதே கஷ்டம் என்று சொல்கிறவர்கள், தாங்களே அதைக் கஷ்டமாக்கிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். 'வெஜிடேரியன் மட்டும்' என்ற போர்டு தொங்காத வாசல் எங்கள் சந்தில் குறைவு. அந்தப் போர்டுக்குப் பின்னால் என்ன கேள்வி இருக்கிறது என்பது வீடு தேடி அலைந்த எல்லோருக்கும் தெரியும். கணவன் மனைவி இருவரும் நல்ல வேலையில், கையில் அட்வான்ஸோடு, வாசலில் அந்த ஒரு கேள்வியோடு திருப்பி அனுப்பப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அதே வீட்டுக்காரர்தான் மூன்று மாதம் கழித்து, குடும்பம் கிடைக்கவில்லை, கிச்சனுக்கு விட்டுவிட்டேன் என்றார். சிக்கன் பிரியாணிக்கு அந்தப் போர்டு தடையாக இல்லை.

அம்மா முதலில் தயங்கினாள். புரோக்கர் கூட்டி வந்த மூன்றாவது குடும்பம் கூடத்தில் உட்கார்ந்து, "நாங்க கறி, மீன் சமைப்போம்மா. முதல்லயே சொல்லிடறோம்" என்றது. மனைவி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர், கணவர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு, ஒரு மாமியார், பத்து வயதில் ஒரு பெண். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ராத்திரி யார் வீட்டுல இருப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள். "எல்லாரும்தாம்மா" என்றார் அந்த மாமியார். அதோடு முடிந்தது.

ஒப்பந்தத்தில் மட்டும் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 1960-ஆம் வருட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நினைத்துக்கொண்டு, குடி வைத்தால் கிளப்ப முடியாது என்று பயப்படும் தலைமுறை அம்மாவுடையது. அந்தச் சட்டம் இப்போது இல்லை. 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதினோரு மாத ஒப்பந்தமானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் ஆன்லைனில் பதிய வேண்டும். வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது. சென்னையில் காலம்காலமாக வாங்கிய பத்து மாத அட்வான்ஸ் ஒரு டீச்சர் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய சுமை என்று யோசித்தால், இது நியாயமான சட்டம். 63,000 வாங்கிக்கொண்டோம். கீழே தனி மீட்டர் இருப்பதால் ஈபியை அவர்களே நேரடியாகக் கட்டுவார்கள். இலவச யூனிட் அவர்களுக்குச் சேர வேண்டியது. யூனிட்டுக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரர் தனியாக வசூலிக்கும் பழக்கத்தை நாங்கள் இருபது வருடம் முன்பே விட்டுவிட்டோம்.

ஆனி கடைசி வெள்ளிக்கிழமை காலை பால் காய்ச்சினார்கள். அந்தச் சின்னப் பெண் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் ஒவ்வொரு படியாக மாடிக்கு வந்தாள். அம்மா பாலைக் குடித்து முடித்து டம்ளரை அவளிடம் கொடுத்தாள். பிறகு எழுந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவளோடு கீழே இறங்கினாள். மோட்டார் ஃபியூஸ் எந்தப் பெட்டியில் இருக்கிறது, சம்ப் மூடியை எப்படித் தூக்க வேண்டும், மணல் மூட்டை எங்கே அடுக்கியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தாள்.